ஒரு முகம், ஓராயிரம் கைகள்

தேவதைக் கதைப் படங்களின் இரண்டாம் பாகத்தில் நாயகியின் முகம் ஏன் மாறிப்போகிறது? தொம்மலூரில் ஒரு சித்திரக்காரரின் டிரங்குப் பெட்டிகளில் அதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளை யார் காப்பது என்பதற்குத்தான் பதில் இல்லை.

"இது அந்த சிண்ட்ரெல்லா இல்லப்பா."

என் மகள் இப்படிச் சொன்னபோது அவளுக்கு எட்டு வயது. 1950இல் வால்ட் டிஸ்னி எடுத்த 'சிண்ட்ரெல்லா'வை அவள் இருபது தடவையாவது பார்த்திருப்பாள். அன்று நான் வாங்கி வந்த டி.வி.டி. 2002இல் வெளியான இரண்டாம் பாகம். அதே நீல கவுன், அதே மஞ்சள் கூந்தல், அதே எலிகள். ஆனாலும் ஐந்து நிமிடத்தில் குழந்தை கண்டுபிடித்துவிட்டாள். எது மாறியிருக்கிறது என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "மூஞ்சி வேற" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

பெங்களூர் தொம்மலூரின் பழைய பகுதியில், சொக்கநாதசுவாமி கோயிலுக்கு அருகே ஒரு மாடி வீட்டில் வசிக்கிறார் அந்தச் சித்திரக்காரர். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். சென்னையில் சில ஆண்டுகள், பிறகு பெங்களூர் என்று அனிமேஷன் ஸ்டூடியோக்களில் பென்சிலும் ரப்பருமாக இளமையைக் கழித்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எந்தப் படங்களுக்கு வரைந்தார் என்பதையும் வெளியே சொல்ல முடியாது. வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டுவிட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தேவதைக் கதைப் படம், அதன் இரண்டாம் பாகம், வீடியோவுக்காக எடுத்தது. அவர் சொல்வது அவ்வளவுதான்.

என் மகளின் புகாரைக் கேட்டுச் சிரித்தார். "பாப்பாவுக்கு நல்ல கண்ணு சார். எங்க சூப்பர்வைசருக்குக் கூட அவ்வளவு சீக்கிரம் தெரியாது" என்றார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாகத் தாள்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மூன்று துளைகள்: நடுவில் வட்டம், இருபுறமும் நீள்சதுரம். ஒவ்வொன்றிலும் பென்சிலில் வரைந்த ஒரு பெண். எல்லாம் ஒரே பெண். ஆயிரம் தடவை அவளேதான்.

இடைப்பட்டவர்களின் வேலை

கையால் வரையும் அனிமேஷனில் ஒரு கதாபாத்திரத்தை ஒருவரே வரைவதில்லை. சினிமா ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஒரு சித்திரத்தை இரண்டு பிரேமுக்குப் படமெடுத்தால்கூட வினாடிக்கு 12 சித்திரம் வேண்டும். நிமிடத்துக்கு 720. எழுபது நிமிடப் படத்தில் ஒரே ஒரு பாத்திரம் முழு நேரமும் திரையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 50,000 சித்திரங்களுக்கு மேல். எந்த மேதையாலும் தனியாக முடிக்கக்கூடிய காரியமில்லை.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். நாயகி திரும்பிப் பார்க்கிறாள் என்றால், திரும்பத் தொடங்கும் நிலை ஒன்று, திரும்பி முடித்த நிலை ஒன்று. இவை 'கீ' சித்திரங்கள். இரண்டுக்கும் நடுவில் வருவதை நிரப்புகிறவர் 'இன்-பிட்வீனர்'. ஒன்றாம் எண் தாளையும் ஒன்பதாம் எண் தாளையும் லைட் பாக்ஸின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே ஐந்தாம் எண்ணை வரைவார். பிறகு மூன்று, ஏழு. தாள்கள் நகராமல் இருக்கத்தான் அந்தத் துளைகள். 'பெக் பார்' என்ற முளைப்பட்டையில் அவை சிக்கிக்கொள்ளும். கடைசியில் 'க்ளீன்-அப்' கலைஞர் இந்தக் கரடுமுரடான கோடுகளின் மேல் ஒரே சுத்தமான கோட்டை ஓட்டுவார்.

நம் சித்திரக்காரர் பத்து ஆண்டுகள் இன்-பிட்வீனர். "நடுவுல இருக்கறவனுக்குத்தான் கஷ்டம்" என்கிறார். "ரெண்டு பெரிய கலைஞர் வரைஞ்ச ரெண்டு முகம். ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்காது. ஆனா நான் வரையற மூணும் அவங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கணும்."

எல்லாக் கைகளையும் கட்டுக்குள் வைப்பது மாடல் ஷீட் என்ற ஒரே ஒரு தாள். பாத்திரத்தை முன்னிருந்து, பக்கவாட்டில், முக்கால் பக்கம், பின்னாலிருந்து என்று நிற்க வைத்து வரைந்திருப்பார்கள். மொத்த உயரம் எத்தனை தலை, கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்வளவு இடைவெளி, சிரித்தால் கன்னம் எங்கே ஏறும், கோபித்தால் புருவம் எங்கே இறங்கும், எதைச் செய்யவே கூடாது எல்லாம் அதில் இருக்கும். 1930களின் இறுதியில் டிஸ்னி ஸ்டூடியோவில் இதற்கென்றே ஜோ கிராண்ட் தலைமையில் தனிப் பிரிவு இயங்கியது. காகிதத்தில் மட்டுமல்ல, பாத்திரங்களைச் சிறு சிலைகளாகவும் செய்து வைத்தார்கள். எந்தக் கோணத்தில் வரைய வேண்டுமானாலும் கலைஞர் சிலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்தபதியின் ஓலை

தமிழனுக்கு இது புதிய விஷயமே அல்ல. நம் சிற்ப சாஸ்திரத்தில் இதற்குத் தாலம் என்று பெயர். ஒரு முகத்தின் நீளம் ஒரு தாலம். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாலம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாலம், 120. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலை நறுக்கை சிலையின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்து முகம், மார்பு, இடை, முழங்கால் என்று அளவு குறித்துக்கொள்கிறார்கள். தாத்தா செய்த நடராஜரும் பேரன் செய்யும் நடராஜரும் பார்த்தவுடன் ஒருவரே என்று தெரிவது அந்த ஓலை மடிப்பால்தான்.

தொம்மலூர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நம் சித்திரக்காரர் தூண் சிற்பங்களுக்கு எதிரே நின்றுவிடுவார். அங்குள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. கல்வெட்டில் கொடை கொடுத்தவர் பெயர் உண்டு. கொடுத்த நிலத்துக்கு எல்லை உண்டு. தூணைச் செதுக்கியவர் பெயரைத் தேட வேண்டும். "நம்ம ஜாதகம் அப்பவே எழுதியாச்சு" என்பார் அவர்.

ஆனால் அளவு மட்டுமே முகம் ஆகிவிடாது. தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் அம்புலிமாமா. தோளில் வேதாளம், கையில் வாள், நடையில் அவசரம். விக்கிரமாதித்தனின் அந்தச் சித்திரத்தைத் தந்த ஓவியர் சங்கர் (கே.சி. சிவசங்கரன்) 1950களின் தொடக்கத்தில் பத்திரிகையில் சேர்ந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020இல் மறைந்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு விக்கிரமாதித்தன் என்றால் ஒரே முகம்தான். காரணம், அதன் பின்னால் இருந்தது ஒரே கை.

அனிமேஷனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. முதல் 'சிண்ட்ரெல்லா'விலேயே சிக்கல் இருந்தது. நாயகியை வரையும் பொறுப்பு எரிக் லார்சன், மார்க் டேவிஸ் என்ற இருவருக்கு. டிஸ்னியின் 'ஒன்பது கிழவர்கள்' என்று பெயர் பெற்ற மூத்த அணியைச் சேர்ந்தவர்கள் இருவரும். லார்சனின் சிண்ட்ரெல்லா பக்கத்து வீட்டு எளிய பெண். டேவிஸின் சிண்ட்ரெல்லா நீண்ட கழுத்தும் மிடுக்கும் கொண்டவள். நடிகை ஹெலன் ஸ்டான்லியை நடிக்க வைத்துப் படம் பிடித்து, இருவரும் அதைப் பார்த்து வரைந்தார்கள். உதவியாளர்கள் இரண்டு பெண்களையும் ஒருத்தியாக்கினார்கள். கூர்ந்து பார்த்தால் தையல் தெரியும். பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து இரண்டாம் பாகம் வந்தபோது லார்சன் இல்லை. 1988இல் போய்விட்டார். டேவிஸும் இல்லை. 2000இல் போய்விட்டார். மிஞ்சியவை மாடல் ஷீட்டுகளும் பழைய படமும்தான். ஆட்கள் புதியவர்கள். நாடும் பல சமயம் வேறு.

இரண்டாம் பாகக் காய்ச்சல்

வால்ட் டிஸ்னிக்கே இரண்டாம் பாகங்களில் பிரியம் கிடையாது. 1933இல் 'மூன்று பன்றிக்குட்டிகள்' சக்கைப்போடு போட்டபின், கேட்டார்களே என்று மேலும் சில பன்றிப் படங்கள் எடுத்தார். எதுவும் முதல் படத்தின் கிட்டே வரவில்லை. பன்றியைப் பன்றியால் வெல்ல முடியாது என்பது அவருக்குக் கிடைத்த பாடம். அவர் உயிரோடு இருந்தவரை 'ஸ்நோ ஒயிட்'டுக்கோ 'சிண்ட்ரெல்லா'வுக்கோ தொடர்ச்சி வரவில்லை.

1994இல் நிலைமை தலைகீழானது. 'அலாவுதீன்' படத்தின் தொடர்ச்சியாக 'ரிட்டர்ன் ஆஃப் ஜஃபார்' தியேட்டருக்கு வராமல் நேரே வீடியோ கேசட்டாக வந்தது. செலவு குறைவு, வரவு அமோகம். அதன்பின் அழகியும் அரக்கனும், சிங்க ராஜா, சின்னக் கடல்கன்னி என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. ஹாலிவுட் தலைமையகத்தில் அல்ல, சிட்னியிலும் டோக்கியோவிலும் இருந்த கிளைகளிலும் வெளி ஸ்டூடியோக்களிலும் இவற்றின் பெரும்பகுதி வேலை நடந்தது. நம் மோக்ளி வரும் 'ஜங்கிள் புக்' படத்தின் இரண்டாம் பாகமே (2003) சிட்னியில் பிறந்ததுதான். 2004இல் ஜப்பான் கிளையும் 2006இல் சிட்னி கிளையும் மூடப்பட்டன. 2007இல் பொறுப்புக்கு வந்தவர்கள் இந்த வீடியோத் தொடர்ச்சிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

இந்தப் படங்களை எடுத்தவர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நம் சித்திரக்காரருக்குக் கோபம் வரும். "முதல் படத்துக்கு வருஷக்கணக்கா டைம். எங்களுக்கு வாரக் கணக்கு. அவங்க மாடல் ஷீட்டை வரைஞ்சாங்க. நாங்க மாடல் ஷீட்டைப் பார்த்து வரைஞ்சோம். அந்தப் பொண்ணு எப்படி யோசிப்பாள்னு அவங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அவள் எத்தனை தலை உயரம்னுதான் தெரியும்."

அவர் சொன்னது என்னைத் தைத்தது. மொழிபெயர்ப்பும் அதே வேலைதான். தொலைக்காட்சிக்காக ஒரு தேவதைக் கதைப் படத்தின் இரண்டாம் பாகத்தை நான் தமிழாக்கியபோது, முதல் பாகத்தின் தமிழ் வசனத்தைக் கேட்டேன். யாரிடமும் இல்லை என்றார்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. தமிழில் இளவரசனை அவள் 'நீங்க' என்பாளா, 'நீ' என்பாளா? சித்தியை 'அம்மா' என்பாளா, 'சித்தி' என்பாளா? நானாக ஒன்றை முடிவு செய்தேன். பிறகுதான் முதல் பாகத்தைத் தமிழில் பார்க்க நேர்ந்தது. அதில் எல்லாமே எதிர்மாறு. கல்யாணத்துக்கு முன் புருஷனை நீ, வா என்றவள் கல்யாணத்துக்குப் பின் நீங்க, வாங்க என்கிறாள். புதுப்பெண்ணின் அடக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னிடம் மாடல் ஷீட் இல்லை, அவ்வளவுதான்.

ஏலத்தில் எலி

வரைந்த கோடு திரைக்குப் போவதற்கு ஒரு காலத்தில் இன்னொரு படி இருந்தது. சுத்தமான சித்திரத்தைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளின்மேல் மையால் எடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். தொழிலில் இதற்கு 'செல்' என்று பெயர். மை தீட்டியதும் வண்ணம் பூசியதும் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெயர்கள் டைட்டிலில் வந்ததே அபூர்வம். படம் முடிந்ததும் செல்லுக்கு மரியாதை இல்லை. ஆரம்ப காலத்தில் கழுவி, அடுத்த படத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அதைக் கலை என்று முதலில் விற்றவர் சான் பிரான்சிஸ்கோவின் கலை வியாபாரி கத்ரி கூர்வாசியே. 1937 இறுதியில் வந்த 'ஸ்நோ ஒயிட்'டின் செல்களை 1938 முதல் சட்டம் போட்டு விற்றார். 1939இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே அதில் ஒன்றை ஏற்றுக்கொண்டது. இருந்தும் மதிப்பு ஏறவில்லை. 1955இல் திறந்த டிஸ்னிலேண்டில் அசல் செல்களை ஒன்றிரண்டு டாலருக்கு நினைவுப் பொருளாக விற்றார்கள்.

1980களில்தான் ஏலக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1989இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'ஆர்ஃபன்ஸ் பெனிஃபிட்' (1934) என்ற கறுப்பு வெள்ளைக் குறும்படத்தின் செல் ஒன்று 2,86,000 டாலருக்குப் போனது. அந்தப் படத்துக்கே ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. 1941இல் அதே படத்தை, கிட்டத்தட்ட அதே அசைவுகளோடு, வண்ணத்தில் மறுபடி வரைந்தார்கள். காரணம், ஏழே ஆண்டில் மிக்கியும் டொனால்டும் உருவம் மாறியிருந்தார்கள். முகம் மாறிய இரண்டு மிக்கிகளில் ஏலக்காரர்கள் தேடியது பழைய முகத்தை.

இன்று இந்தியாவிலும் இணையத்தின் வழியே இவற்றை வாங்குவோர் இருக்கிறார்கள். ஆசை இருந்தால் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, படப்பிடிப்புக்குப் பயன்பட்ட 'புரொடக்ஷன் செல்' வேறு, பின்னால் விற்பனைக்கென்றே அச்சிட்ட 'செரிசெல்' வேறு. இரண்டாவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது கேமராவைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது, 1990இல் வந்த 'ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முதல் டிஸ்னியின் திரையரங்கப் படங்களுக்குக் கம்ப்யூட்டரிலேயே வண்ணம் பூசினார்கள். அந்த ஸ்டூடியோ தியேட்டருக்காக எடுத்த முதல் முழுநீள அனிமேஷன் இரண்டாம் பாகமும் அதுதான். ஆகவே அந்தப் படத்துக்கோ 'சிங்க ராஜா'வுக்கோ 'அசல் செல்' என்று யாராவது நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். அவற்றுக்கு அசல் என்று இருப்பது பென்சில் சித்திரங்கள்தான். மூன்றாவது, அசல் சித்திரத்தில் துளையும் வரிசை எண்ணும் இருக்கும். அவை இல்லாவிட்டால் காரணம் கேளுங்கள். நான்காவது, பழைய செல்கள் தானாகவே அழியும் சாதி. நெளியும், மஞ்சளாகும், வண்ணம் உதிரும். சிலவற்றில் புளித்த வினிகர் வாடை வரும். வெயில் படாமல், வெப்பமும் ஈரமும் ஏறாமல் வைக்க வேண்டும். டிஸ்னியின் ஆவணக் காப்பகமே இந்த அழிவைத் தடுக்கும் வழி தேடி லாஸ் ஏஞ்சலீஸின் கெட்டி பாதுகாப்பு நிறுவனத்துடன் சேர்ந்து ஆராய்ச்சி நடத்தியது.

நம் ஊர்க் கணக்கு

இந்த வரலாற்றில் இந்தியாவுக்குப் பங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 'பாம்பி', 'பீட்டர் பான்' படங்களில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் இந்தியாவில் பிறந்த பாதிரியார் வீட்டுப் பிள்ளை. 1956இல் அவர் பம்பாய் வந்து ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் நம்மவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். புத்த ஜாதகக் கதையை வைத்து 1957இல் 'பேனியன் டீர்' என்ற படம் உருவானது. அங்கே கற்றவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அழைக்கப்பட்ட அவர் 2014இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019இல் மறைந்தார்.

ஒரு முகத்தைப் பல கைகள் காப்பாற்றும் கலைக்கு இந்தியாவின் மிகப் பெரிய பரீட்சை, ராம் மோகனும் ஜப்பானின் யூகோ சாகோ, கொய்ச்சி சாசாகி ஆகியோரும் சேர்ந்து இயக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. சுமார் 450 கலைஞர்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் செல்கள். ராமன் முகத்தை வரைந்தவர்களில் பெரும்பாலோர் ராமன் கதையைக் கேட்டு வளராத ஜப்பானியர்கள். 1993 ஜனவரியில் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படம், 2025 ஜனவரியில்தான் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் நம் தியேட்டர்களுக்கு முறையாக வந்தது. மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். அது வேறு ராமன் என்று எங்கள் வரிசையில் எந்தக் குழந்தையும் சொல்லவில்லை.

பெங்களூரின் பங்கு கம்ப்யூட்டர் காலத்தில் வந்தது. 2008இல் டெக்னிகலர் நிறுவனமும் ட்ரீம்வொர்க்ஸும் சேர்ந்து இங்கே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கின. 'ஷ்ரெக்' இரண்டாம் பாகத்தில் (2004) தலைகாட்டிய பூட்ஸ் போட்ட பூனைக்கு 2011இல் தனிப்படம் வந்தபோது, அதன் ஒரு பகுதி வேலை நடந்தது பெங்களூரில்தான். ஒரு பிரெஞ்சுத் தேவதைக் கதைப் பூனை, கலிபோர்னியா வழியாக, நம் ஊர் இளைஞர்கள் கையில் நடந்தது. கம்ப்யூட்டரில் ஒருமுறை உருவாக்கிய பொம்மையைத்தான் எல்லோரும் அசைக்கிறார்கள். மூக்கு நீளுமோ, நாடி கூருமோ என்ற பயம் பெரும்பாலும் போய்விட்டது.

வேறு பயம் போகவில்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் உலகெங்கும் சரிந்தபோது பெங்களூர், மும்பை அலுவலகங்களும் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். பென்சில் காலத்துச் சித்திரக்காரரிடமாவது டிரங்குப் பெட்டி இருந்தது. இவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போக என்ன இருந்தது?

மூன்று பெட்டிகள்

சென்ற ஆண்டு மார்கழியில் சித்திரக்காரர் என்னை அழைத்தார். வீட்டுக்காரர் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார். தை பிறந்ததும் காலி செய்ய வேண்டும். மகளோடு ஓசூரில் தங்கப் போகிறார். இரண்டு அறை வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டிக்கு இடமில்லை. பழைய பேப்பர்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கம் பென்சில் கிறுக்கல் இருப்பதால் கிலோவுக்கு விலை குறைத்திருக்கிறார்.

"யாராவது வாங்குவாங்களா சார்? காசுக்கில்லை. யார்கிட்டயாவது இருக்கணும்."

மும்பையில் அனிமேஷன் கலைப் பொருள் சேகரிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மரியாதையாகவே கேட்டார். படத்தில் பயன்பட்ட சித்திரங்களா? ஸ்டூடியோ முத்திரை உண்டா? எந்தப் படம்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பயன்பட்ட சித்திரங்கள் அனைத்தும் அந்தக் காலத்திலேயே பெட்டி போட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டன. இவரிடம் இருப்பவை தள்ளுபடியானவை. கழிவு என்று மூட்டை கட்டி வைத்ததை, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்தவை. சந்தைக் கணக்கில் இவற்றின் மதிப்பு பழைய பேப்பர்காரர் சொன்னதுதான்.

ஆனால் இந்தக் கட்டுரையில் நான் எழுதியதில் பாதியை இந்தக் கழிவுத் தாள்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. சரியான சித்திரம் எதையும் சொல்லித்தருவதில்லை. தவறிய சித்திரத்தில்தான் சிவப்புப் பென்சில் வட்டம் இருக்கிறது. 'கண் பெரிது', 'கழுத்து அரை அங்குலம் குறை', 'இவள் இப்படிச் சிரிக்க மாட்டாள்'. ஓர் ஊரில் ஒரு தலைமுறை எப்படி ஒரு தொழிலைக் கற்றது என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஏலக் கூடங்கள் இவற்றைச் சேர்க்காது. சேர்க்க வேண்டியவை நம் கவின்கலைக் கல்லூரிகளும் அனிமேஷன் பள்ளிகளும். ஒரு அலமாரி, அமிலமில்லாத தாள், பெயரும் ஆண்டும் எழுத ஒரு பதிவேடு போதும். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் வரைந்தவர் பெயரைச் சொல்ல ஸ்டூடியோக்கள் அனுமதித்தால் இன்னும் நல்லது.

என் மகள் இப்போது கல்லூரியில் டிசைன் படிக்கிறாள். அவளையும் அழைத்துப் போனேன். தரையில் உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்து, எண் வரிசைப்படி அடுக்கி, கட்டை விரலால் சரசரவென்று விட்டாள். பென்சில் பெண் தலை திருப்பினாள். யாரையோ பார்த்தாள். சிரிக்கப் போகும் நேரத்தில் ஏழாவது தாளில் முகம் ஒரு கணம் வேறு யாருடையதோ ஆகி, மறுபடி அவளுடையதானது. ஏழாவது தாளை உருவினாள். நாடியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இதுதான் மாமா. சின்ன வயசில நான் பார்த்தது இதுதான். எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். "அன்னிக்கு ராத்திரி ஷிஃப்ட். ரெண்டு மணி இருக்கும்" என்றார்.

அதில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பேனா தேடி, பிறகு வேண்டாம் என்று பென்சிலை எடுத்து, துளைகளுக்குக் கீழே சின்னதாகத் தமிழில் பெயர் எழுதினார்.

ஒரு பெட்டி இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் இன்னொன்றைத் தன் பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கிறார். மூன்றாவது பெட்டி ஓசூருக்குப் போகும் வண்டியில் கடைசியாக ஏறியது. இடம் கிடைத்தால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.